சின்ன விமானத்துக்குப் பாலிஷும் மெழுகும் வாங்கும் முன்

பழைய செஸ்னா 172 விமானங்களின் கையேட்டில் வெளிப்புறச் சுத்தம் பற்றிய பகுதியைப் புரட்டிப் பார்த்தால், புதிதாக விமானம் கழுவிப் பாலிஷ் போடும் வேலைக்கு வருபவருக்குச் சின்ன ஏமாற்றம்தான் மிஞ்சும். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும், மெழுகு போட்டே ஆகவேண்டும் என்பதில்லை, ஆசைப்பட்டால் நல்ல கார் மெழுகு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி முடித்துவிடுகிறது. கூடவே ஒரு குறிப்பு: இறக்கை, வால் இவற்றின் முன்விளிம்பிலும் எஞ்சினின் மூக்குப் பகுதியிலும் புரொப்பெல்லரின் நடுவே உள்ள கூம்பு மூடியான ஸ்பின்னரிலும் சற்றுக் கனமாகப் போட்டால் அங்கே தேய்மானம் குறையும்.

விமானம் தயாரித்தவர்களே கார் மெழுகு போதும் என்கிறார்கள். அப்படியிருக்க, பாட்டிலில் விமானப் படம் போட்டிருக்கிறது என்பதற்காக மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டுமா? சில பொருள்களுக்குக் கொடுக்கலாம், பலவற்றுக்குத் தேவையில்லை. அதைத் தீர்மானிப்பது பாட்டில் அல்ல. உங்கள் விமானத்தின் மேல் இருப்பது என்ன பெயின்ட், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, வாங்கும் பொருள் எதன்மேல் படக்கூடாது என்ற மூன்று கேள்விகள்தான்.

இங்கே சொல்வதெல்லாம் 172 போல அலுமினியத் தகட்டின் மேல் பெயின்ட் அடித்த சின்ன விமானங்களுக்கு. சிர்ரஸ் போன்ற, இழையும் பிசினும் சேர்த்துச் செய்த கலப்பிழை (காம்போசிட்) விமானங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். துணி போர்த்திய பழைய விமானம் என்றால் மெஷின் பாலிஷ் பக்கமே போகாதீர்கள்.

முதலில் பெயின்ட், அப்புறம் கடை

விமானத்தில் செய்த வேலைகளைப் பதியும் லாக் புத்தகத்தில் தொடங்குங்கள். கடைசியாக எப்போது, என்ன பெயின்ட் அடித்தார்கள் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். இப்போது அடிப்பவை அநேகமாக இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வகை. கெட்டியானது, ரசாயனம் பட்டாலும் எளிதில் அசையாது. பழையவற்றில் அக்ரிலிக் எனாமலோ லாக்கரோ இருக்கலாம். இவை மென்மையானவை, வெயிலில் சீக்கிரம் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துவிடும்.

கையேடு சொல்லாததை விரல் சொல்லும். கழுவிக் காயவைத்த இறக்கையின் மேல் உள்ளங்கையை இழுத்துப் பாருங்கள். கையில் மாவு போல வெள்ளையாக ஒட்டினால் பெயின்டின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. அடுத்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அதே இடத்தைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் பைக்குள்ளிருந்து தடவினால் மணல்தாள் போல் நறநறவென்றால், பெயின்டில் தூசியும் புகைக்கரியும் பதிந்திருக்கின்றன. அதை எடுக்கப் பாலிஷ் வேண்டாம். வழுக்கும் நீரைத் தெளித்துக் கொண்டு கிளே பார் என்ற பிசையும் களிக்கட்டியை ஓட்டினாலே போதும். கிளே கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கி எறியுங்கள்.

அடித்திருப்பது நிறமும் பளபளப்பும் ஒன்றாகச் சேர்ந்த ஒற்றைப் பூச்சா, நிறத்துக்கு மேல் தெளிபூச்சு இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வால் பக்கம் கண்ணில் படாத இடத்தில் நிறக்கோடு ஒன்றைத் தேர்ந்து, வெள்ளைத் துணியில் பொட்டு அளவு பாலிஷ் வைத்துத் தேயுங்கள். துணியில் சிவப்போ நீலமோ ஏறினால் ஒற்றைப் பூச்சு. வெள்ளைப் பெயின்டில் இதைச் சோதிக்கக் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் துணியில் ஏறுவது கோளாறல்ல. ஆனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பெயின்ட் கொஞ்சம் போகிறது என்பதை அந்தத் துணியே காட்டிவிடும்.

தடிமன் அளக்கும் மீட்டர் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். இரும்பு உடம்புக் கார்களுக்கான காந்த வகை மீட்டர் அலுமினியத்தின் மேல் எதையும் அளக்காது. உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அளக்கும் எடி கரன்ட் வகை வேண்டும். கலப்பிழை விமானத்தில் அதுவும் பலிக்காது, அல்ட்ராசோனிக் வகைதான்.

இரண்டு நிலைகளில் பாலிஷ் வாங்கும் யோசனையையே ஒத்திப்போடுங்கள். ஒன்று, புதுப் பெயின்ட். முழுதாக இறுகுவதற்கு முன் மெழுகு போட்டு மூடக்கூடாது. பழைய செஸ்னா கையேடு சுமார் 15 நாள் என்கிறது. இன்றைய பெயின்டுகளுக்கு ஒன்றிரண்டு மாதம் கூடக் காத்திருக்கச் சொல்வார்கள். பெயின்ட் நிறுவனத்தின் தகவல் தாளில் உள்ளதே கணக்கு. மற்றொன்று, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையிலிருந்தோ தகட்டின் ஓரத்திலிருந்தோ பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல நெளிநெளியாகப் புடைத்திருந்தால் அது துரு. எந்தப் பாலிஷும் அதைக் குணப்படுத்தாது. பராமரிப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தேய்ப்பது, மறைப்பது, காப்பது

கடையில் ஐம்பது பாட்டில் இருக்கும். அத்தனையும் இந்த மூன்று வேலைகளில் ஒன்றைத்தான் செய்கின்றன, அல்லது இரண்டைக் கலந்து செய்கின்றன.

தேய்ப்பவை காம்பவுண்டும் பாலிஷும். நுண்ணிய உராய்வுத் துகள் உள்ளவை, பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. காம்பவுண்டு முரடு, பாலிஷ் மென்மை. பெயின்டைச் சீவித்தான் பளபளப்பை வெளிக்கொண்டு வருகின்றன. மெகுயர்ஸ் நிறுவனத்தின் 105, 205 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும். முன்னது வெட்டும், பின்னது மெருகேற்றும். புதியவர் 205 போன்ற மென்மையான ஒன்றோடு நின்றுகொள்வது நல்லது. அதில் போகாத கீறல் இருந்தால் இருக்கட்டும். விமானத்தைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர்தான் அதிகம், போன பெயின்டோ திரும்ப வராது.

மறைப்பவை கிளேஸ் என்ற பெயரில் வரும். எண்ணெயும் நிரப்பியும் கலந்து கீறலை மூடி, முதல் மழை வரை அழகு காட்டும். விமானத்துக்கு இதற்குச் செலவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

காப்பவைதான் நிஜமாகத் தேர்வு செய்யவேண்டியவை. கார்னோபா மெழுகு, பாலிமர் சீலன்ட், செராமிக் பூச்சு.

கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. ஆழமான பளபளப்பு தரும், போடுவது சுலபம், தப்பாகப் போட்டாலும் துடைத்துவிடலாம். வெயிலில் நிற்கும் விமானத்தில் சில வாரங்களில் தேய்ந்துபோகும். விமானக் கொட்டகையான ஹேங்கருக்குள் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறக்கும் விமானம் என்றால் தாராளமாகப் போடலாம். மாதாமாதம் விமானத்தைத் தடவிக்கொடுக்கச் சாக்குத் தேடும் உரிமையாளருக்கும் இது ஏற்றது.

பாலிமர் சீலன்ட் செயற்கைப் பொருள். பல மாதம் தாங்கும், பூச்சியும் புகைக்கரியும் அவ்வளவாக ஒட்டாது. ரெஜெக்ஸ், கிரானிடைஸ் போன்ற பெயர்களை விமானக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். முதன்முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை இந்த வகைதான். 172 அளவு விமானத்துக்கு அரை லிட்டர் பாட்டில் பெரும்பாலும் போதும். கனமாகப் பூசினால் கூடுதலாகக் காக்கும் என்பதில்லை, துடைக்கத்தான் கை வலிக்கும்.

செராமிக் கெட்டியாகப் பிடிக்கும், வருடக்கணக்கில் தாங்குவதாகச் சொல்வார்கள். போடும் நாளில் பெயின்ட் எப்படி இருக்கிறதோ அப்படியே உள்ளே சிக்கிக்கொள்ளும். துடைக்கத் தவறிய ஒரு திட்டு இறுகிவிட்டால் பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். விளம்பரத்தில் வரும் 9 எச் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் பட்டால் செராமிக்கும் தெறிக்கும். கழுவவும் பாலிஷ் போடவும் கை பழகிய பிறகு யோசிக்கலாம்.

டெஃப்லான் கலந்தது என்று ஒன்று வரும். டெஃப்லான் உருகுவதே 327 டிகிரி செல்சியஸில். பெயின்டின் மேல் கையால் தடவினால் அது எப்படி ஒட்டிப் பிடிக்கும் என்று விற்பவரைக் கேளுங்கள். மெழுகு போட்டால் விமானம் வேகமாகப் பறக்கும் என்ற பேச்சையும் அதே அலமாரியில் வைத்துவிடலாம்.

பாட்டிலில் இருக்கக்கூடாதவை

விமானத்துக்கென்று தயாரித்ததற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நான் நினைப்பது மெழுகில் அல்ல, கழுவும் சோப்பிலும் கண்ணாடி கிளீனரிலும்.

கடும் காரம் உள்ள கிளீனர் அலுமினியத்தை அரிக்கும். கார் சக்கரம் கழுவ விற்கும் அமில வகைகளும் கூடாது. பச்சை நிறத்தில் எங்கும் கிடைக்கும் சாதாரண சிம்பிள் கிரீன் விமானத்துக்கு வேண்டாம் என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். விமானத்துக்கென்று தனியாக ஒன்றை விற்கிறார்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் கை தவறி எடுத்துவிட வாய்ப்பு உண்டு, லேபிளைப் படியுங்கள்.

தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் பார்க்கவேண்டியது ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் சோதனை எண்கள். எஃப் 483 உலோகத்தை முழுதாக மூழ்கவைத்து அரிப்பைப் பார்ப்பது. எஃப் 502 பெயின்டின் மேல் விளைவைப் பார்ப்பது. எஃப் 484 அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் விரிசல் விடுகிறதா என்பது. எஃப் 519 உயர்வலு எஃகு ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை அடைகிறதா என்பது. இந்த நான்கும் தேறிய கிளீனர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். விமானப் படம் மட்டும் போட்டு எண் ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் படம்.

முன் கண்ணாடியும் ஜன்னல்களும் கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடி ஸ்பிரே, ஆல்கஹால், அசிட்டோன், பெட்ரோல், தின்னர் எதுவும் படக்கூடாது என்று கையேடே பட்டியல் போடுகிறது. பட்டால் உடனே தெரியாது. பிறகு ஒருநாள் சூரியனை நோக்கிப் பறக்கும்போது கண்ணாடி முழுக்க மயிரிழை விரிசல்கள் மின்னும். பெயின்டைத் துடைக்கும் பாலிஷ் துணியும் கண்ணாடித் துணியும் ஒரே வாளியில் சேரவே கூடாது. இரண்டுக்கும் வேறு வேறு நிறத் துணி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சிலிக்கோன் எண்ணெய் கலந்த பொருள் பெயின்டைக் கெடுக்காது. ஆனால் அடுத்து பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். பக்கத்திலேயே பெயின்ட் அடிக்கும் ஹேங்கர் என்றால் சிலிக்கோன் ஸ்பிரேயை உள்ளே கொண்டுபோவதற்கு முன் கேட்டுவிடுங்கள். விட மாட்டார்கள்.

வேலையைத் தொடங்கும்போது

சாவி எடுக்கப்பட்டிருக்கிறதா, மாஸ்டர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா பாருங்கள். அப்படியும் புரொப்பெல்லரைச் சுற்றிவிடாதீர்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னீட்டோவின் தரைக்கம்பி எங்காவது அறுந்திருந்தால் சாவி இல்லாமலே எஞ்சின் ஒருமுறை உதறலாம். அந்த ஒரு உதறல் போதும்.

அடுத்து, 172-இன் இடது பக்கம் போய் நில்லுங்கள். வால் பக்கம் முதுகைக் காட்டி மூக்கைப் பார்த்து நின்றால் இடது. காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் இடது இறக்கைக்கு அடியில். இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதை (ஸ்டால்) எச்சரிப்பதற்கான துளை இடது இறக்கையின் முன்விளிம்பில். எரிபொருள் தொட்டி மூச்சுவிடும் குழாய் இடது இறக்கைக்கு அடியில் இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் கம்பத்தின் பக்கம். உயரமானிக்கும் வேகமானிக்கும் காற்றழுத்தம் கொடுக்கும் ஸ்டாட்டிக் போர்ட் உடம்பின் இடது முன்புறத்தில், சட்டைப் பொத்தான் அளவுத் தகட்டில் சின்னத் துளையாக. இவற்றில் எதற்குள்ளும் தண்ணீரோ பாலிஷோ மெழுகோ போகக்கூடாது.

பிட்டோவுக்கு அதன் சிவப்பு உறையைப் போடுங்கள். மற்றவற்றைக் கண்ணில் குத்தும் நிறத்தில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீள நாடா தொங்கவிடுங்கள். எத்தனை ஒட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி விமானியின் இருக்கை மேல் வையுங்கள். இதை நான் இழுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1996 அக்டோபர் 2 அன்று லீமாவிலிருந்து சாந்தியாகோவுக்குக் கிளம்பிய ஏரோபெரு 603, ஒரு போயிங் 757. அதைக் கழுவிப் பாலிஷ் போட்டவர்கள் ஸ்டாட்டிக் போர்ட்களின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்தார்கள், சோதிக்க வேண்டியவர்களும் கவனிக்கவில்லை. இரவில், கடலுக்கு மேல், உயரமும் வேகமும் பொய்யாகக் காட்ட, விமானம் பசிபிக்கில் விழுந்தது. உள்ளே இருந்த 70 பேரும் இறந்தார்கள்.

சரி, கழுவுவோம். நிழலில், தகடு கைக்குச் சூடாக இல்லாதபோது. பூச்சிக்கறை மேல் ஈரத்துணியைப் போர்த்திச் சில நிமிடம் ஊறவிட்டால் தேய்க்காமல் வரும். வயிற்றுப் பகுதியைக் கடைசியாக, தனி வாளி, தனித் துணியோடு செய்யுங்கள். புகைபோக்கிக்குப் பின்னால் படிந்திருக்கும் சாம்பல் கறையில் ஈயம் இருக்கிறது. சின்ன விமானங்களுக்கான 100 எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் கலக்கலாம், எரிந்ததும் அது ஈய புரோமைடாக வெளியே வந்து ஒட்டும். பெயின்டையும் அரிக்கும், உங்கள் தோலுக்கும் ஆகாது. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிரீஸும் எண்ணெயும் சோப்புக்கு அசையாவிட்டால் ஸ்டாடர்ட் கரைப்பான் அல்லது மினரல் ஸ்பிரிட் நனைத்த துணி. உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் சக்கர பேரிங், கதவு இடுக்கு, கீல் பக்கம் காட்டாதீர்கள்.

பாலிஷை முழு இறக்கையிலும் தொடங்காமல் ஒரு ஏ4 தாள் அளவு இடத்தில் முயன்று பாருங்கள். மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேட், கையால் முதலில். கையால் வராவிட்டால், சுழன்றபடியே ஆடவும் செய்யும் டூயல் ஆக்ஷன் மெஷின். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் புதியவர் கையில் நிமிடத்தில் பெயின்டைச் சூடேற்றிக் கருக்கிவிடும்.

172-இல் பெரும்பாலான ரிவெட் தலைகள் தகட்டுக்கு மேலே புடைத்து நிற்கும். மெஷின் பேட் அங்கே போனால் முதலில் தேய்வது அந்தத் தலையின் உச்சி. ரிவெட் வரிசைகள் மேலும் தகட்டு ஓரங்கள் மேலும் டேப் ஒட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் மெஷினில் செய்யுங்கள். அப்புறம் டேப்பை எடுத்துவிட்டு வரிசைகளைத் துணியால், கையால். கவனமில்லாமல் போட்டிருந்தால் மறுநாள் ஒவ்வொரு ரிவெட்டையும் சுற்றி வெள்ளை வளையமாகப் பாலிஷ் காய்ந்து நிற்கும். விரைப்பில்லாத தூரிகையால் அது காய்வதற்கு முன்பே தட்டி எடுங்கள். காய்ந்த பாலிஷ் ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு அங்கேதான் தொடங்கும். எந்த இடத்திலாவது பெயின்டுக்கு அடியிலிருந்து மஞ்சளோ பச்சையோ எட்டிப் பார்த்தால் அது பிரைமர். அங்கே கையை நிறுத்துங்கள். பழைய பிரைமர்களில் குரோமேட் இருக்கும், அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது.

இறக்கையிலும் வாலிலும் அசையும் பகுதிகளான எய்லரான், எலிவேட்டர், ஃபிளாப் இவற்றின் தகடு மெல்லியது, 172-இல் வரிவரியாக மடிப்பு வைத்திருப்பார்கள். மெஷினே வேண்டாம், மடிப்பு ஓடும் திசையில் துணியால் தேய்த்தால் போதும். அழுத்திச் சாய்ந்தால் தகடு உள்வாங்கும். எய்லரான் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளில் மெழுகு அடைத்துக்கொள்ளாமல் பாருங்கள். மூக்குச் சக்கரத்தின் பளபளக்கும் பிஸ்டன் தண்டு, பிரேக் டிஸ்க் இரண்டும் உங்கள் வேலையில் சேராது.

பாலிஷ் முடிந்ததும் அதன் எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சீலன்ட். ஒரு பலகம் போட்டு, பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு, துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முன்விளிம்புகளுக்கும் ஸ்பின்னருக்கும் எஞ்சின் மூடியின் மூக்குக்கும் முதல் பூச்சு இறுகியபின் இரண்டாவது பூச்சு. பல சீலன்டுகள் இறுக ஓர் இரவு வரை பிடிக்கும், அதுவரை மழையோ பனியோ படக்கூடாது. எனவே ஹேங்கர் கிடைக்கும் நாளைப் பார்த்து வேலையை வையுங்கள்.

கண்ணாடிதான் கடைசி. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு வெறும் கையால் தூசியைத் தடவி வழித்துவிடுங்கள். துணியால் துடைத்தால் தெரியாத மணல் துகள் கைக்குத் தெரியும். பிறகு அக்ரிலிக்கிற்கான கிளீனரும் புதிய மைக்ரோஃபைபர் துணியும். வட்டமாகத் தேய்க்காமல் மேலும் கீழுமாக. வட்டக் கீறல் எந்தப் பக்கம் வெயில் வந்தாலும் கண்ணைக் கூசும்.

டேப்புகளை எண்ணி எடுத்து, தாளில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, விமானியிடமோ பொறியாளரிடமோ நேரில் சொல்லுங்கள். கழுவியதில் கீல்களின் கிரீஸ் போயிருக்கும், அதையும் சொல்லிவிட்டால் அவர்கள் மறுபடி போட்டுவிடுவார்கள். என்ன பொருள், என்ன தேதி, எங்கே டேப் ஒட்டினோம், எந்த ரிவெட் உச்சியில் பெயின்ட் மெலிந்திருக்கிறது என்று உங்கள் பக்கமும் குறித்து வையுங்கள். அடுத்த முறை பாலிஷ் போடலாமா வேண்டாமா என்பதற்கு அந்தக் குறிப்புதான் பதில் சொல்லும்.

மறுபடி எப்போது சீலன்ட் போடுவது என்பதற்கு நாள்காட்டி வேண்டாம். கழுவும்போது இறக்கை மேல் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் படர்ந்து ஓடினால் சீலன்ட் தேய்ந்துவிட்டது. முதலில் போவது முன்விளிம்பில்தான். அங்கே மட்டும் இன்னொரு பூச்சு போட்டால், வெளியில் நிற்கும் பயிற்சி விமானத்துக்குக்கூட முழு விமானத்துக்குமான வேலையைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம். பாலிஷ் பாட்டிலை அப்போதெல்லாம் திறக்கவே வேண்டியதில்லை.